பீரோவில் பூட்டிய இணையம்

தெருவில் அவரை எல்லோரும் 'அட்மின்' என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பட்டத்தை யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துச் சூட்டிக்கொண்டார். வீட்டுக்கு இணைய இணைப்புப் போட வந்த ஆள், "இதுக்கு அட்மின் யாரு சார்? அவங்கதான் பாஸ்வேர்டு போடணும்" என்று கேட்டுவிட்டான். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாளிலிருந்து எந்தப் பதவியும் சொல்லி யாரும் அவரை அழைத்ததில்லை. அந்த வறட்சியில் இந்தச் சொல் மழையாக இறங்கியது. "நான்தான்பா அட்மின்" என்று நெஞ்சை நிமிர்த்தினார். சாயங்காலத்துக்குள் மூலைக் கடைக்காரரிடமும் எதிர்வீட்டுக்காரரிடமும் செய்தியைச் சேர்த்துவிட்டார். அவர்களும் சிரிப்பை மென்று விழுங்கிக்கொண்டு அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். அது கேலி என்பது அவருக்குக் கடைசிவரை உறைக்கவே இல்லை. கேலியைக் கேலி என்று தெரிந்துகொள்ளவும் கொஞ்சம் மூளை வேண்டுமே.

ஒரு பெரிய அலுவலகத்தின் சாமான் அறைதான் அவர் ஆயுள் முழுக்க ஆண்ட ராஜ்ஜியம். காகிதம், பேனா, பசை, குண்டூசி எல்லாம் அவர் சாவியில் அடக்கம். பேனா தீர்ந்துபோனால் தீர்ந்த பேனாவைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வாங்கிக் கிறுக்கிப் பார்ப்பார். ஒரு கோடு மங்கலாக விழுந்தால் போதும், "இன்னும் ரெண்டு நாளைக்கு வரும், போ" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் ஓய்வுபெற்ற மறுநாள் அலமாரிகளைத் திறந்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். பசையெல்லாம் கல்லாகியிருந்தது. மை உலர்ந்து பொடியாகிக் கிடந்தது. கட்டுக் கட்டாகக் காகிதம் கரையானுக்கு இரையாகியிருந்தது. பொருள் என்பது பயன்படுத்துவதற்கு அல்ல, காப்பதற்கு என்பது அவர் கொள்கை. அது வீணாய்ப் போனாலும் பரவாயில்லை, அடுத்தவன் கைக்குப் போய்விடக் கூடாது. உலகத்தில் பாதிப் பேருடைய நிர்வாகத் திறமை இவ்வளவுதான். ஆனால் இவர் இதை வீட்டுக்கும் கொண்டுவந்தார் என்பதுதான் கொடுமை.

வீட்டில் அவர் மனைவி இருந்தாள். கல்யாணத்துக்கு முன்பு அவள் நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் கை ராசிக்காரி என்று பெயர் வாங்கியவள். ராசியாவது மண்ணாங்கட்டியாவது! கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, ஊசி போடும் முன் நரம்பைப் பொறுமையாகத் தேடுவாள், அதுதான் ராசி. கல்யாணமானதும் மாப்பிள்ளை சொன்ன முதல் வாக்கியம்: "ராத்திரி டூட்டி பார்க்கிற பெண்டாட்டியை வச்சுக்கிட்டு நான் நாலு பேர் முன்னாடி எப்படி நடக்கிறது?" அவர் நாலு பேர் முன்னால் நடப்பதற்காக அவள் வேலையை விட்டாள். நர்ஸ் பதிவைப் புதுப்பிக்கவும் அவர் விடவில்லை, அது காலாவதியானது. மகன் ஒருவன் பிறந்து வளர்ந்து வெளியூர் போனான். அப்பாவைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் அம்மாவிடம் போனில் பேசும்போதும், "உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கற்றுக்கொள்ளவில்லை.

மறுபடி நர்ஸ் வேலைக்குப் போக அவள் காத்திருந்தாளா, மறந்துவிட்டாளா என்று யாரும் கேட்டதில்லை. பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் வார்டு திறந்த செய்தி வந்தபோதுதான் அவள் மறக்கவில்லை என்று தெரிந்தது. அந்த வார்டின் மேட்ரன் அவளோடு சேர்ந்து படித்தவள். இவள் நேரில் போய் அவளைப் பார்த்தாள்.

"ஆள் இல்லாம தவிக்கிறேன்டி. உன் கையைப் பத்தி எனக்குத் தெரியும்" என்றாள் மேட்ரன். "ஆனா பதிவு இல்லாம உன்னை உள்ளே விட முடியாது. பதிவு விட்டுப்போனவங்களுக்கு ஒரு பரீட்சை வச்சிருக்காங்க. வீட்டுல தனியா ஒரு ரூம்ல உட்கார்ந்து கம்ப்யூட்டர்ல எழுதணும். காமிரா பார்த்துக்கிட்டே இருக்கும். நடுவுல நெட் போச்சுன்னா பரீட்சையும் போச்சு. வயசு வரம்பு வேற இருக்கு. உனக்கு இந்தத் தடவைதான், அடுத்த தடவை கிடையாது."

எழுதியே தீருவது என்று நின்ற இடத்திலேயே முடிவு செய்துவிட்டாள். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, இணையம் கிடையாது, அவளிடம் இருந்தது ஒரு பட்டன் போன். "பெரிய போன் எதுக்கு உனக்கு? பேசத்தானே போன்?" என்பது அட்மினின் பழைய தீர்ப்பு. அவர் கையில் மட்டும் பெரிய போன் இருந்தது.

அந்த வீட்டுக்கு இணையம் வந்தது அவளுக்காக அல்ல. அட்மினின் அண்ணன் வீட்டில் இணைப்பு வாங்கினார்கள், அது போதாதா? ஒரு விசேஷத்தில் அண்ணன் எல்லோர் முன்னாலும், "தம்பி இன்னும் பழைய காலத்துலயே இருக்கான்" என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரமே இணைப்பு போடும் ஆள் இவர் வீட்டு வாசலில் நின்றான்.

அவன் தெருக் கம்பத்திலிருந்து நூல்போன்ற கண்ணாடி இழை ஒயரை இழுத்துவந்து, முன் அறைச் சுவரில் சின்ன வெள்ளைப் பெட்டி ஒன்றை அடித்து அதில் செருகினான். அதிலிருந்து இன்னொரு ஒயர் எடுத்து, நான்கு கொம்பு முளைத்த கறுப்புப் பெட்டி ஒன்றுக்குக் கொடுத்தான். கறுப்புப் பெட்டியில் பச்சை விளக்குகள் மினுமினுத்தன. அட்மின் வெள்ளைப் பெட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. அது ஸ்விட்ச் போர்டு மாதிரி ஏதோ ஒன்று, அவ்வளவுதான். கண்ணை எடுக்காமல் அவர் பார்த்தது கொம்புள்ள பெட்டியை.

"இதுதானே நெட்டு?"

"இது ரௌட்டர் சார். நெட்டை வீடு முழுக்கப் பிரிச்சுக் கொடுக்கும். நடு வீட்டுல, கொஞ்சம் உயரத்துல, திறந்த இடத்துல வைங்க. முக்கியமா இரும்புக்குப் பக்கத்துல வேண்டாம்."

"சரி சரி" என்றார் அட்மின். அவன் வண்டி தெருமுனை திரும்பியதோ இல்லையோ, வெல்டிங் பட்டறைக்காரரை அழைத்துவந்தார். படுக்கையறையில் இருந்த இரும்பு பீரோவின் முதுகில் துளை போடச் சொன்னார். அந்த ஆள் போட்ட குட்டை ஒயருக்குப் பதில் நீளமான ஒயர் வாங்கி, முன் அறையிலிருந்து சுவரோரமாக ஓட்டி, மின்சார ஒயரோடு சேர்த்துப் பீரோவின் முதுகு வழியாக உள்ளே விட்டார். மடித்து வைத்த சட்டைகளுக்கும் பூச்சி உருண்டைகளுக்கும் நடுவில் ரௌட்டர் குடியேறியது. பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். வெல்டிங்காரர் பாவம், ஒரு வார்த்தை கேட்டார்: "ஐயா, உள்ளே வச்சா வேலை செய்யுமா?"

"விலை உயர்ந்த சாமான்யா. வெளியே வச்சா எவன் எவனோ எடுத்துச் செலவழிச்சிடுவான்."

இணையம் என்பது பசை பாட்டில் மாதிரி, திறந்து வைத்தால் காய்ந்துபோகும், கண்டவன் கையை விட்டால் தீர்ந்துபோகும் என்றே அவர் நிஜமாக நம்பினார்.

பீரோவைப் பூட்டினால் போனில் சிக்னல் செத்துப்போனது. திறந்தால் உயிர் வந்தது. இதைக் கண்ட மனிதனுக்கு என்ன தோன்ற வேண்டும்? இரும்பு தடுக்கிறது என்று தோன்ற வேண்டும். இவருக்குத் தோன்றியது வேறு. "பார்த்தியா, பூட்டினா சேமிப்பு, திறந்தா செலவு. நான் வச்ச இடம் எவ்வளவு சரி!" என்று மனைவியிடம் பெருமையடித்தார். தன் அறியாமைக்கு ஆதாரம் கிடைத்து மகிழ்ந்துபோகிறவனை என்ன செய்ய முடியும்?

தினமும் சாயங்காலம் அட்மின் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டிலில் சம்மணமிட்டு உட்காருவார். பூச்சி உருண்டை வாசனை கமகமக்க, மடித்த சட்டைகளைப் பார்த்தபடி, போனில் 'ஒளி வைத்தியர்' என்ற ஒருவனுடைய பேச்சைக் கேட்பார். உலகத்தின் நூலகங்கள் எல்லாம் அந்தக் கண்ணாடி இழை வழியாக வீட்டுக்குள் வந்து நின்றன. இவர் அவற்றையெல்லாம் வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே அழைத்தது ஒரு புளுகனை. தலையணைக்கு அடியில் செம்புத் தகடு வைத்தால் சர்க்கரை நோய் போய்விடும் என்பான் அவன். மருந்தைத் தூக்கி எறியச் சொல்வான். அட்மின் கண்ணை மூடித் தலையாட்டுவார்.

ஒருநாள் பொறுக்காமல் அவள் கேட்டாள்: "ஏங்க, சர்க்கரையில கால் அழுகி வந்தவங்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கேன். இந்தத் தகட்டுக்காரன் ஒரு கட்டாவது போட்டிருப்பானா?"

"உனக்கு என்ன தெரியும்? லட்சம் பேர் பார்க்கிறாங்க."

"கூட்டம் கூடினா உண்மையாயிடுமா? சாலையில விபத்து நடந்தாலும்தான் கூட்டம் கூடுது."

"வாயை மூடு" என்றார் அட்மின். விவாதத்தில் அவருடைய கடைசி ஆயுதம் அதுதான். முதல் ஆயுதமும் அதுதான்.

அவளுக்குத் தங்கை ஒருத்தி தூரத்து ஊரில் வேலையில் இருந்தாள். பரீட்சை விஷயம் தெரிந்ததும் தன் பழைய லேப்டாப் ஒன்றை அனுப்பி வைத்தாள். செங்கல் மாதிரி தடித்த, கனமான லேப்டாப். அதோடு பட்டன் போனில் பாடமும் நடத்தினாள்.

"அக்கா, ரொம்பக் கனமா இருக்கேன்னு திட்டாதே. இப்ப வர்ற ஒல்லி லேப்டாப்ல ஒயர் செருகற ஓட்டையே கிடையாது. இதுல இருக்கு. எதுக்கும் உதவும்."

"ஓட்டையை விடு. முதல்ல இந்த ஐ.பி. அட்ரஸ்னா என்னன்னு சொல்லு. நேத்து நீ சொன்னது தலையில ஏறலை."

"நெட்டுல சேர்ந்திருக்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர். அந்த நம்பரை வச்சுத்தான் சேதி வந்து சேரும்."

"அப்படின்னா கட்டில் நம்பர்னு சொல்லேன்டி. மருந்து போறது பேஷன்ட் பேருக்கு இல்ல, கட்டில் நம்பருக்கு."

தங்கை சிரித்துவிட்டாள். "என் கூட வேலை பார்க்கிறவனுக்கு இதைப் புரிய வைக்க ஒரு வாரம் ஆச்சு. சரி, நாம டைப் பண்றது வெப்சைட் பேருதானே, அது எப்படி நம்பர் ஆகுது?"

"முகப்புல ஒருத்தி உட்கார்ந்திருப்பாளே. 'இந்தப் பேர்ல யாரு இருக்காங்க?'ன்னு கேட்டா, 'இத்தனாவது வார்டு, இத்தனாவது கட்டில்'னு சொல்வா. அந்த மாதிரி ஒருத்தி இருக்கா."

"இருக்காக்கா. அவளுக்கு டி.என்.எஸ்.னு பேரு."

"பேரு எதுவா இருந்தா என்ன, வேலை அதுதானே."

இப்படித்தான் கற்றுக்கொண்டாள். தினமும் ஒரு மணி நேரம், அட்மின் ஒளி வைத்தியரைக் கேட்கும் அதே நேரத்தில், பீரோ முன்னால் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறப்பாள். பாஸ்வேர்டை அட்மின்தான் அடித்துக் கொடுப்பார், இடது கையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டு. மனைவிக்குத் தெரியக் கூடாத ரகசியம்! அவர் ஒருபக்கம் புளுகைக் கேட்பார். இவள் காதில் இயர்போன் செருகிக்கொண்டு இலவசப் பாடங்கள் கேட்பாள். சிறுநீரகப் பாடம் பாதி, நெட்வொர்க் பாடம் பாதி. தெருவிலிருந்து வரும் இழை வெள்ளைப் பெட்டியில்தான் முடிகிறது, கறுப்புப் பெட்டி பங்கு போடும் வேலையை மட்டும்தான் பார்க்கிறது என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. அவளுக்கு அது சலைன் ஏற்றுவது மாதிரியே இருந்தது. பாட்டில் எங்கே, குழாய் எங்கே, நரம்பு எங்கே என்று பார்த்தால் எந்தச் சிக்கலும் சிக்கல் இல்லை. பீரோவும் தன் குழாயில் போட்ட முடிச்சுதான் என்றும் தெரிந்தது. சொல்லிப் பார்த்தாள்.

"ஏங்க, அந்தப் பெட்டியை வெளியே எடுத்து வையுங்க. இரும்பு தடுக்குது."

"நேத்து மழைக்கு முளைச்சவ எனக்குச் சொல்லித் தர்றியா? நான் அட்மின்."

"பரீட்சை அன்னைக்காவது பீரோ திறந்திருக்கணும். நடுவுல ஒரு நிமிஷம் போனாலும் எல்லாம் போச்சு. அடுத்த தடவை கிடையாது எனக்கு."

"பார்க்கலாம்" என்றார் அட்மின்.

அலுவலகத்தில் பேனா கேட்டு வந்தவர்களுக்கு அவர் சொன்னதும் அதே வார்த்தைதான். 'இல்லை' என்று சொல்லும் துணிச்சல்கூட இல்லாத இல்லை அது.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் விடிந்ததும் குளித்து, சமையலுக்குக் காய் நறுக்கி வைத்துவிட்டு, அடையாள அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். அப்போது அட்மினின் போன் அடித்தது. அண்ணன்.

"தம்பி, எங்க வீட்டுல நெட்டு போயிடுச்சுடா. தெருவுல எங்கேயோ ஒயர் அறுந்திருக்காம். இன்னைக்குப் பார்த்து ஒளி வைத்தியர் நேரலையில வர்றாரு. சம்பந்தி வீட்டுக்காரங்க வேற பெரிய டிவியில பார்க்கலாம்னு வந்து உட்கார்ந்திருக்காங்க."

அட்மினின் முகம் சூரியனாகப் பிரகாசித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணனிடம் இல்லாதது தம்பியிடம் இருந்தது.

"கவலைப்படாதே அண்ணே. என்னோட நெட்டை எடுத்துக்கிட்டு வர்றேன்."

அவள் காதில் விழுந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை. அவர் பீரோவைத் திறந்தார், ரௌட்டரின் ஒயர்களைப் பிடுங்கினார், கறுப்புப் பெட்டியைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தார். பீரோவை மறுபடி பூட்டினார். பச்சைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"ஏங்க, என்ன பண்றீங்க? இன்னும் கொஞ்ச நேரத்துல எனக்குப் பரீட்சை!"

"அட, இன்னைக்கா அது?" என்றார் அட்மின்.

வேண்டுமென்றே செய்திருந்தால்கூட அவளால் தாங்கிக்கொண்டிருக்க முடியும். வஞ்சம் வைப்பதற்கும் எதிரில் ஒரு ஆள் இருப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும். இவர் நிஜமாகவே மறந்திருந்தார். மாதக்கணக்கில் காலடியில் உட்கார்ந்து படித்த ஒருத்தி அவர் கண்ணில் பட்டதே இல்லை.

"அண்ணன் வீட்டுல எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. என் மரியாதை என்ன ஆகும்? உன் பரீட்சையை அடுத்த வருஷம் எழுதிக்கோ."

"அடுத்த வருஷம் கிடையாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"எல்லாத்துக்கும் ஒரு வழி இருக்கும், பேசிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார். வாசற்கதவு சாத்திக்கொண்டது.

அவள் தங்கைக்குப் போன் செய்தாள். விஷயத்தைக் கேட்ட தங்கை பல்லைக் கடித்தாள்.

"அக்கா, என் வாயில நல்லா வருது. அத்தானாச்சேன்னு பார்க்கிறேன்."

"பார்க்காதே. சொல்லு."

"முட்டாள்! கழுதை! நெட்டை யாராவது பையில போட்டு எடுத்துட்டுப் போவாங்களா? உன்கிட்ட பெரிய போன் இருந்தாலாவது அதுல இருந்து நெட் எடுத்து எழுதலாம். அதுக்கும் வழியில்லாம பண்ணி வச்சிருக்கான் அந்த மனுஷன்." குரல் உடைந்தது. "அக்கா, நான் இங்கே இருந்து என்ன பண்ணுவேன்?"

தங்கை அழ ஆரம்பித்ததும் இவளுக்குப் படபடப்பு அடங்கிவிட்டது. வார்டில் பக்கத்தில் யாராவது அழுதால் இவள் கை நடுங்காது, அந்தப் பழக்கம் போகவில்லை.

"அழாதேடி. போனை வை. பாட்டில் இருக்கா, குழாய் அடைச்சிருக்கான்னு முதல்ல பார்க்கிறேன்."

முன் அறைக்குப் போனாள். சுவரில் வெள்ளைப் பெட்டி. அதன் விளக்குகள் அமைதியாக எரிந்துகொண்டிருந்தன. தெருவிலிருந்து இழை வந்துகொண்டுதான் இருக்கிறது, அதில் வெளிச்சம் பாய்ந்துகொண்டுதான் இருக்கிறது. பாட்டில் நிறைந்திருக்கிறது. போனது பங்கு போடுகிற பெட்டி. பங்கு போட ஆள் எதற்கு? இருப்பது அவள் ஒருத்தி, ஒரே லேப்டாப். பாட்டிலிலிருந்து வரும் குழாயை நேராக நரம்பில் குத்தினால் போதும்.

வெள்ளைப் பெட்டியிலிருந்து கிளம்பிய ஒயரைச் சுவரோரமாகக் கண்ணாலேயே பின்தொடர்ந்து படுக்கையறைக்குப் போனாள். ஒயரின் முனை பூட்டிய பீரோவுக்குள் கிடந்தது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழங்கை நுழையும் இடம். கையை விட்டுத் துளையைத் தடவினாள். ஒயரை மெல்ல இழுத்தாள். வந்தது, வந்தது, நின்றது. முனையில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் நாக்கு துளையின் சொரசொரப்பான விளிம்பில் மாட்டிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்தால் வந்துவிடும். ஆனால் நாக்கு ஒடிந்துபோகும், ஒடிந்தால் எங்கும் பிடித்து நிற்காது, பரீட்சை நடுவில் கழன்று விழும்.

அவள் அவசரப்படவில்லை. நோயாளிக்கு வலிக்காமல் குழாய் எடுத்த விரல்கள். கொஞ்சம் உள்ளே தள்ளினாள், ஒயரை இரு விரலுக்கிடையில் உருட்டித் திருப்பினாள், நாக்கு கீழ்ப்பக்கம் வரும்படி செய்து நகத்தால் அமுக்கினாள். பீரோவின் விளிம்பு முழங்கையில் கீறி ரத்தம் வந்தது. ஒயரின் முனை வெளியே வந்து சுவரில் தட்டியது.

லேப்டாப்பை முக்காலியில் வைத்து, பக்கவாட்டு ஓட்டையில் செருகினாள். 'டக்' என்று பிடித்துக்கொண்டது. திரையில் பரீட்சைப் பக்கத்தைத் திறந்தாள். திறக்கவில்லை. மூலையில் மஞ்சள் முக்கோணம் ஒன்று ஆச்சரியக்குறியோடு உட்கார்ந்திருந்தது.

பாட்டில் இருக்கிறது. குழாய் இருக்கிறது. நரம்பில் குத்தியாயிற்று. அப்புறம் ஏன்?

பாடத்தில் கேட்டது ஞாபகம் வந்தது. வெள்ளைப் பெட்டிக்கு ஒரு பழக்கம் இருக்கும். முதலில் எந்தப் பெட்டிக்கு நம்பர் கொடுத்ததோ அதையே பிடித்துக்கொண்டிருக்கும், வேறு ஆள் வந்தால் கண்டுகொள்ளாது. பழைய நோயாளியை டிஸ்சார்ஜ் செய்யாமல் அதே கட்டிலில் புது நோயாளியைப் படுக்க வைக்க விடமாட்டாளே வார்டு எழுத்தர், அதே கதை. முன் அறைக்கு ஓடினாள். வெள்ளைப் பெட்டியை அணைத்தாள். மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள். மறுபடி போட்டாள். விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன.

திரும்பி வந்தபோது மஞ்சள் முக்கோணம் காணாமல் போயிருந்தது. பரீட்சைப் பக்கம் முழுசாக, பளிச்சென்று திறந்து நின்றது. பீரோ முன்னால் உட்கார்ந்து மாதக்கணக்கில் அவள் பார்த்த திக்கித் திணறும் இணையம் இல்லை இது. இவ்வளவு வேகமான ஒன்றைத்தான் அந்த மனிதர் சட்டைகளுக்கு நடுவில் போட்டு மூடி வைத்திருந்தார்!

அறைக் கதவைத் தாழிட்டாள். பட்டன் போனை அணைத்தாள். முழங்கைக் கீறலைத் துடைத்துக்கொண்டு காமிரா முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

எழுதி முடித்து அனுப்பியதும் திரை யோசித்தது. 'தேர்ச்சி' என்று வந்தது. கீழே பதிவு எண். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அண்ணன் வீட்டில் நடந்ததைப் பிற்பாடு அந்த வீட்டு மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி சொன்னாள். அட்மின் பையைத் திறந்து ரௌட்டரை எடுத்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தாராம். மின்சாரம் கொடுத்ததும் விளக்குகள் எரிந்தன. "இதோ வருது" என்றாராம். கையால் மறைத்துக்கொண்டு டிவியில் பாஸ்வேர்டு அடித்தாராம். 'இணைக்கப்பட்டது' என்றுகூட வந்ததாம். சம்பந்தி வீட்டுக்காரர்கள் கைகூப்பி ஒளி வைத்தியருக்காகக் காத்திருந்தார்கள். ஒளியும் வரவில்லை, வைத்தியரும் வரவில்லை.

"சின்ன மாமா, ரௌட்டர் எங்க வீட்டுலயும்தான் நல்லா இருக்கு. அறுந்தது தெருவுல இருக்கிற ஒயர்" என்று மருமகள் சொல்லியிருக்கிறாள்.

"உங்க வீட்டுப் பெட்டி வேறம்மா. இது என்னோட நெட்டு."

அண்ணன் அதற்குமேல் பொறுக்கவில்லை. "டேய், தண்ணி வேணும்னு சொன்னா, உங்க வீட்டுக் குழாயை மட்டும் கழட்டிக்கிட்டு வந்து நிக்கிறியேடா!" என்று சம்பந்திகள் முன்னாலேயே கேட்டுவிட்டார். கூடம் கொல்லென்று சிரித்தது.

அட்மின் வீட்டுக்குத் திரும்பியபோது முகம் வெந்துபோயிருந்தது. தன் மடத்தனத்துக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டது, வழியெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"நீதான் ஏதோ பண்ணிட்ட. நெட்டை வரவிடாம இங்கேயே பிடிச்சு வச்சுக்கிட்ட!"

"அது எப்பவும் இங்கேதாங்க இருந்தது. நீங்க தூக்கிக்கிட்டுப் போனது வெறும் டப்பா."

முக்காலியும் லேப்டாப்பும் ஒயரும் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டன. "யாரைக் கேட்டுப் பீரோவைத் தொட்ட?"

"பீரோ பூட்டினபடியேதான் இருக்கு, பார்த்துக்குங்க. நான் பரீட்சை எழுதி முடிச்சாச்சு. பாஸ். பதிவு வந்துடுச்சு."

அவர் பூட்டை இழுத்துப் பார்த்தார். பூட்டியிருந்தது. சாவி இடுப்பில் இருந்தது. பிறகு எப்படி? ஆயுள் முழுக்க சாவிதான் அதிகாரம் என்று நம்பிய மனிதர், பூட்டு இருக்கும்போதே பொருள் வெளியே போனதைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றார். எப்படி என்று அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பாள். தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கடைசியில் வந்தது இதுதான்: "வேலைக்குப் போறதுக்கு நான் இன்னும் சம்மதிக்கலை."

"உங்ககிட்ட நான் கேட்கலையே."

கத்தலாம் என்று வாயைத் திறந்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கிக்கொண்டார். "சரி, மத்தியானத்துக்கு என்ன பண்ணியிருக்க?"

"காய் நறுக்கி வச்சிருக்கு. அடுப்பு சமையலறையில இருக்கு" என்றாள் அவள்.

பதிவு எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு கிளம்பினாள். அவர் வாசல்வரை வந்து ஏதோ சொன்னார். அது அவள் காதில் விழவில்லை. அவள் மனது முழுக்க ஒரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது. டயாலிசிஸ் செய்யும்போது ரத்தம் உறையாமல் இருக்க மருந்து செலுத்துவார்கள். அதை எப்போது நிறுத்த வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு என்று குறித்திருந்தாள். அப்படியென்றால் ஊசியை எடுத்த இடத்தில் ரத்தம் நிற்காதே? நடக்க நடக்கச் சந்தேகம் வலுத்தது.

டயாலிசிஸ் வார்டில் இயந்திரங்கள் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தன. மேட்ரன் துண்டுக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள், முகம் மலர்ந்தாள், ஏதோ சொல்ல வந்தாள். இவள் விடவில்லை.

"அதை விடு. ரத்தம் உறையாம இருக்கப் போடற மருந்தை எப்ப நிறுத்தணும்? முடிஞ்சப்புறமா, முன்னாடியேவா?"

"முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடியேடி. நீ என்ன எழுதின?"

"முடிஞ்சப்புறம்னு."

"தப்பு" என்றாள் மேட்ரன். "வா, அந்தக் கடைசிக் கட்டில்ல ஒருத்தருக்கு இப்ப நிறுத்தப் போறேன். நின்னு பாரு."